பூச்சியத்தில் இருந்த உப்பு

1. வாய் பிளந்து கிடந்தது

யோகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் சோற்றுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். படத்தில் இருந்தது ஒரு அனிமோன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடல் அனிமனி என்று படித்திருப்பீர்கள். கல்லில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, விரல் விரலாகக் கைகளை விரித்து, பூப்போல அசைந்துகொண்டிருக்கும் கடல் உயிர். இந்தப் படத்தில் இருந்ததற்கோ விரலும் இல்லை, விரிப்பும் இல்லை. பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள் பலூனைப் போலச் சுருங்கி, நடுவில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

நான் ஊர்காவற்றுறைக்காரி. பெயர் றீற்றா. கடல் மீன்களை உயிரோடு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கொம்பனியில், கொழும்புக்குக் கிட்ட, அனிமோன் பகுதியில் கனகாலம் வேலை செய்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மனேஜர் என்னை ஒரு தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, கொழும்புத் தமிழில் ஒரே ஒரு பாடம் எடுத்தார்.

"சுருங்கினா விட்டுடு ரீட்டா. அதுக்கும் மூட் அவுட் ஆகும். வாயைப் பிளந்தா மட்டும் ஓடிவந்து சொல்லு."

அந்தப் பாடத்தை வைத்துத்தான் இன்றுவரை சோறு தின்கிறேன். கொம்பனியை விட்டு ஊருக்கு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து வீடு திருத்துகிறவர்கள் ஹோலில் மீன்தொட்டி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வைப்பது சுகம். பிறகு அதைப் பார்க்க ஆள் வேண்டுமே! இப்போது இந்தத் தொழிலுக்கு இளம் பிள்ளைகள் வருகிறார்கள். யூரியூப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த வீடியோக்காரர் எவரும் புங்குடுதீவில் இருந்து வீடியோ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

வேலணையைத் தாண்டி, கடலுக்கு நடுவே போகும் பாலத்தில் காற்று ஸ்கூட்டரைப் பிடித்துத் தள்ளியது. சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, உச்சத்தில் நின்ற காலம். மழையைக் கண்டு மாதக்கணக்காகிவிட்டது. புங்குடுதீவில் யோகனின் வீடு தகப்பன் காலத்துப் பெரிய வீடு. சுற்றிவர உள்ள வீடுகளுக்கெல்லாம் பூட்டு. இந்த வீட்டில் மட்டும் புதுப் பெயின்ற், புது மாபிள், பளபளவென்று வெளிநாட்டுக் குழாய்கள்.

யோகன் சுவிஸில் உணவகக் குசினியில் வேலை செய்தவர். மாரி முடிந்த கையோடு மனைவி வசந்தியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். தாய் பாக்கியம் அம்மா அந்த வீட்டை விட்டு ஒருநாளும் அசையாதவர். யோகனுக்கு ஊர் என்றால் உயிர். வசந்தி அப்படியல்ல. ஒரு வருடம் இருந்து பார்க்கிறேன், சரிவராவிட்டால் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் வந்திருந்தார்.

தொட்டி வசந்தியுடையது. அதை நான் முதலில் பிழையாக நினைத்துவிட்டேன். படம் அனுப்பியவர் யோகன் என்பதால் அவரிடம் கேள்வி கேட்கத் தொடங்க, வசந்தி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"அவரைக் கேக்காதேங்கோ அக்கா. அவருக்கு மீனெண்டால் குழம்புதான் தெரியும். என்னைக் கேளுங்கோ."

கேட்டேன். மனுசி மணி மணியாகப் பதில் சொன்னார். வெப்பநிலை, வெளிச்சம், பம்ப், உப்பு எல்லாம் விரல் நுனியில். சூரிச்சில் அடுக்குமாடி வீட்டில் இதே இன அனிமோனை வருடக்கணக்காக வளர்த்திருக்கிறார். வெளிக்கிடும்போது அதைச் சிநேகிதி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்து, இங்கே கொழும்பில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். முதல் மாதங்களில் அது தேங்காய்த் துருவலைக் கொட்டியதுபோல விரிந்து நின்றதாம். பிறகு கிழமைக்குக் கிழமை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன்," என்றார் வசந்தி. குரல் உயரவில்லை. "கடலே இல்லாத நாட்டிலை, நாலாம் மாடியிலை, இதை வளத்தனான். கடலுக்குப் பக்கத்திலை வந்து வளக்க ஏலாதெண்டால் எனக்கு இஞ்சை என்ன வேலை? இது போனால் நானும் போறன்."

யோகன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சட்டைக் கையை மடித்தேன்.

2. கடலுக்கு உப்பு

நோயுற்ற அனிமோனைப் பார்க்கும் ஒழுங்கு இதுதான். முதலில் மணம். தொட்டித் தண்ணீர் அழுகிய முட்டைபோல மணம் அடித்தால் அனிமோன் செத்துவிட்டது என்று அர்த்தம். உடனே வெளியே எடுக்காவிட்டால் தொட்டி முழுவதையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த மணம் இல்லை. அடுத்தது கால். கல்லைப் பிடித்திருக்கிறதா? அரைவாசி கழன்றிருந்தது. பிறகு விரல். ஈர்க்குத் துண்டால் மெல்லத் தொட்டால் ஒட்ட வேண்டும். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. உயிர் இருக்கிறது, ஆனால் விருப்பம் இல்லை.

கடைசியாக உப்பு. இதற்கு ரிஃப்ராக்டோமீற்றர் என்ற ஒரு குழல் இருக்கிறது. நுனியில் உள்ள கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், உள்ளே ஒரு கோடு எவ்வளவு உப்பு என்று காட்டும். ஆனால் அதற்கு முன் உப்பில்லாத தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கோட்டைப் பூச்சியத்தில் நிறுத்தவேண்டும். தராசில் சாமான் போடுமுன் முள்ளைப் பார்ப்பதுபோல.

வசந்தி அதையும் ஒழுங்காகச் செய்கிறவர். கிழமைக்கு ஒருமுறை கண்ணாடியைக் கழுவி, பூச்சியம் வைத்து, பிறகுதான் அளப்பாராம். என் முன்னாலேயே செய்து காட்டினார். நானும் என் பையிலிருந்த மீற்றரை எடுத்து, அதே குழாயில் கழுவி, அதே குழாய்த் தண்ணீரில் பூச்சியம் வைத்து, தொட்டித் தண்ணீரை அளந்தேன். இருவருக்கும் ஒரே கணக்கு. இருபத்தாறு. 1.026 என்பதன் கடைசி இரண்டு இலக்கம், நல்ல கடல் தண்ணீரின் அளவு. கொம்பனியில் இந்த இலக்கத்தைக் கண்டால் மனேஜர் பிளேன்ரீ வாங்கித் தருவார்.

"உப்பு அச்சொட்டு," என்றேன்.

"அது அச்சொட்டாத்தான் இருக்கும். இந்தக் கடல்தான் சரியில்லை," என்றார் வசந்தி.

"என்ன சரியில்லை?"

"உப்புக் காணாது. இருபத்திரண்டுக்கு மேலை வருகுதில்லை. நான்தான் பாத்துப் பாத்து உப்புப் போடுறன்."

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலால் மரியதாஸ் அண்ணை இரண்டு பிளாஸ்ரிக் கானில் கடல் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். அவர் பக்கத்து மீனவர். கரைத் தண்ணீர் கலங்கல் என்று, வலைக்குப் போகும்போது வெளியே, ஆழத்தில் அள்ளிக்கொண்டு வந்து கொடுப்பார். தொட்டிக்கு அருகே வெளிநாட்டு உப்புப் பக்கெற்றைக் கண்டார். வசந்தி அதிலிருந்து ஒரு கோப்பை அள்ளி, அவர் அப்போதுதான் கொண்டுவந்த கடல் தண்ணீரில் கொட்டிக் கலக்கியதையும் கண்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"றீற்றா, நான் காணுறது உண்மையோ? கடலுக்கு உப்புப் போடுறாவோ?"

"கொஞ்சம் காணாதாம் அண்ணை."

"காணாதோ? என்ரை அப்பன், அவன்ரை அப்பன், எல்லாரும் இந்தக் கடலிலைதான் மீனை நனைச்சுக் கருவாடு போட்டவங்கள். ஒருத்தனும் உப்புக் காணாதெண்டு முறைப்பாடு சொல்லேல்லை!"

கொல்லன் தெருவில் ஊசி விற்றவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கடலுக்கே உப்பு விற்பதை அன்றுதான் கண்டேன். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வசந்தியின் பக்கம் நின்றேன்.

"மீற்றர் பொய் சொல்லாது அண்ணை."

"மீற்றர் சொல்லாது. கண்ணூறு பிள்ளை, கண்ணூறு. இந்த ஹோலுக்குள்ளை எத்தினை சனம் வந்து பாத்திட்டுப் போகுது? அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ, எல்லாம் சரிவரும்."

அவர் கான்களை வைத்துவிட்டுக் கடலுக்கு நேர்ந்த அவமானத்தைத் தாங்கமுடியாமல் போனார். மெழுகுதிரி கொளுத்தினேனா என்று கேட்காதீர்கள். கொளுத்தினேன். செலவில்லாத வைத்தியத்தை விடக்கூடாது.

3. கூடை வைத்தியம்

அனிமோனுக்குள் குடியிருக்க ஒரு சோடி கிளவுன் மீன் இருந்தது. செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட சின்ன மீன்கள். சுகமாக இருக்கும்போது அவை அனிமோனுக்குச் சிநேகிதர். சுகமில்லாதபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறி இருந்து கதைக்கும் சொந்தக்காரர் மாதிரி. உரசி உரசியே ஆளை முடித்துவிடும். ஆகவே பழம் வைக்கும் பிளாஸ்ரிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து அனிமோனுக்கு மேல் மூடினேன். தண்ணீர் போய்வரும், மீன் போகாது. பம்பின் வாய்க்குப் பஞ்சு கட்டினேன். கால் கழன்று மிதக்கும் அனிமோனைப் பம்ப் இழுத்தால் மிக்சியில் போட்டதுதான். வெளிச்சத்தைக் குறைத்தேன்.

"சாப்பாடு போடாதேங்கோ. ஒண்டும் போடாதேங்கோ," என்று யோகனைப் பார்த்துச் சொன்னேன். அவர் உணவகக்காரர். வயிறு காய்ந்த எதையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தலையை ஆட்டினார். அடுத்த முறை போனபோது அனிமோனுக்குப் பக்கத்தில் ஒரு முழு இறால் வெளிறிப்போய்க் கிடந்தது.

"ஆர் போட்டது?"

"சின்ன இறால்தான் அக்கா. தோலும் உரிச்சுத்தான் போட்டனான்," என்றார் யோகன். அனிமோன் அதைத் துப்பியிருந்தது.

நான் ஒன்றுவிட்ட ஒரு நாள் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் மணம் பார்த்தேன், அளந்தேன், இருபத்தாறு. அனிமோன் மட்டும் தேறவில்லை. நிறம் வெளிறி, கண்ணாடிபோல ஆகிக்கொண்டு வந்தது. கொழும்பில் பழைய சிநேகிதிகளுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு எரிச்சல்மேல் எரிச்சல். இத்தனை வருட வேலையில் காரணம் தெரியாமல் ஒரு அனிமோனைச் சாக விட்டதில்லை.

வீட்டுக்குள்ளும் காற்றோட்டம் நன்றாக இல்லை. மாமியும் மருமகளும் சண்டை பிடிக்கிறவர்கள் அல்ல. சண்டை பிடித்தால் நல்லது என்று நான் நினைக்கிற அளவுக்கு மரியாதை. "மாமி, குசினி பாவிக்கலாமோ?" "பாவியும் பிள்ளை." "மாமி, இதை எடுக்கட்டோ?" "எடும் பிள்ளை." இரண்டு நாட்டு மந்திரிமார் கதைப்பதுபோல. பாக்கியம் அம்மா ஹோலுக்குள் வரமாட்டார். குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "உது பூவோ, மிருகமோ?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். மிருகம் என்றேன். "பாவம், சத்தம் போடத் தெரியாத மிருகம்," என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று நான் வெளிக்கிடும்போது வசந்தி சாப்பாட்டு மேசையில் இருந்து போனில் விமானச் சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்கவும் இல்லை.

"வாற மாதம் மலிவாக் கிடக்கு அக்கா," என்றார்.

யோகன் கேற்றுவரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பெரிய உடம்புக்காரர். கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "எப்பிடியாவது பாருங்கோ அக்கா," என்றார். அவ்வளவுதான். பாலத்தில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வராத குறை. மனிதர் ஒருவர் தன் வீட்டையும் தாயையும் மனைவியையும் ஒரே இடத்தில் வைத்திருக்க ஆசைப்படுகிறார். அது என் கையில், வெளிறிப்போன ஒரு கைப்பிடிச் சதையில் தொங்கிக்கொண்டிருந்தது.

4. பவுசர் வராத நாள்

தீவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே கிணறு இருக்கும், தண்ணீரும் இருக்கும், ஆனால் குடிக்க முடியாது. உவர். குளிக்க, துணி தோய்க்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் பவுசரில், அதுதான் தண்ணீர் லொறியில், வரும். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு பரல், பிளாஸ்ரிக் பீப்பாய், இருக்கும். யோகன் வீட்டில் அது குசினி மூலையில், நீல நிறப் பரல். அதற்கு மேல் ஒரு பலகை, பலகைக்கு மேல் ஒரு செம்பு, செம்புக்குப் பொறுப்பு பாக்கியம் அம்மா.

அந்தக் கிழமை பவுசர் பழுதாகி வரவில்லை. கடையிலிருந்த போத்தல் தண்ணீரைச் சனம் காலையிலேயே வாங்கி முடித்துவிட்டது. பொழுதுபட நான் போனபோது அனிமோனின் கால் முழுதாகக் கழன்று, கூடைக்குள் சாய்ந்து கிடந்தது. பார்த்த உடனேயே தெரிந்தது, இன்னும் ஒரு நாள் தாங்காது. வசந்தி தொட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

பாக்கியம் அம்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். முதல்முறையாக ஹோலுக்குள்.

"பிள்ளை, குறை நினையாதையும். நல்ல தண்ணி அடியிலை கிடக்கு, அதைச் சோத்துக்கு வைச்சிருக்கிறன். இது குழாய்த் தண்ணியிலை போட்டது. கரிக்கும்."

வாயில் வைத்தேன். கரித்தது. கொஞ்ச நஞ்சமல்ல. ரசத்துக்குச் சீனி போட்டதுபோல ஒரு ருசி. விழுங்கி முடிக்கவில்லை, தலைக்குள் ஏதோ நின்றது.

"அம்மா, இந்தக் குழாய்த் தண்ணி எங்கத்தையான்?"

"கிணத்துத் தண்ணிதான். மோட்டர் போட்டு மேலை ராங்குக்கு ஏத்துறது. மாரியிலை நல்லாத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற இப்ப கடல் மாதிரி."

நான் கோப்பையை நிலத்தில் வைத்தேன். வசந்தியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

உப்பில்லாத தண்ணீரில் வைக்கவேண்டிய பூச்சியத்தை உப்புத் தண்ணீரில் வைத்திருக்கிறோம். பளபளத்த குழாயைக் கண்டு, நானும்தான், இந்தத் தீவுகளில் பிறந்து வளர்ந்த நானும்தான், பின்னால் இருந்த கிணற்றை மறந்துவிட்டேன். மாரி முடிந்து வசந்தி வந்தபோது கிணறு கொஞ்சம் நன்றாக இருந்தது. பூச்சியமும் பூச்சியமாக இருந்தது. பிறகு கிணறு உவர உவர, கிழமைக்குக் கிழமை பூச்சியமும் உவர்த்தது. கடல் தண்ணீரில் உப்புக் குறைவென்று மீற்றர் காட்டியது. வசந்தி உப்புப் போட்டார். தொட்டியில் ஆவியாகிக் குறைந்ததற்கும் இதே குழாய்த் தண்ணீர்தான். அதுவும் தன் பங்குக்கு உப்புக் கொண்டுவந்தது. மீற்றர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதற்குப் பொய் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

"அம்மா, நல்ல தண்ணி ஒரு சொட்டுத் தாங்கோ. ஒரு கரண்டி காணும்."

பாக்கியம் அம்மா கரண்டியில் கொண்டுவந்தார். எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அதில் பூச்சியம் வைத்தேன். முதலில் குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு. கோடு பூச்சியத்தில் நிற்கவில்லை, மேலே ஏறியது. பிறகு தொட்டித் தண்ணீர். முப்பது. மீற்றரை வசந்தியிடம் கொடுத்தேன். அவர் பார்த்தார், துடைத்தார், திரும்பவும் சொட்டு விட்டுப் பார்த்தார்.

"அப்ப நான்தான்," என்றார். "நான்தான் உப்புப் போட்டுப் போட்டு..."

பாக்கியம் அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் முக்கியமான பாதி விளங்கிவிட்டது.

"ஏன் பிள்ளை, இவ்வளவு நாளும் நல்ல தண்ணியிலை ஒரு சொட்டு எடுத்திருக்கலாமே?"

"நீங்கள்தானே மாமி, வந்த புதிசிலை சொன்னனீங்கள், பரலிலை கை வைக்க வேண்டாமெண்டு."

"அது நீர் அண்டைக்கு அந்தத் தண்ணியிலை சட்டை தோய்ச்சதுக்கெல்லோ சொன்னனான்!" என்றார் பாக்கியம் அம்மா. பிறகு குரல் இறங்கியது. "அதுக்குப் பிறகு நீர் அதைத் தொடவே இல்லையோ?"

"குடிக்கிறதுக்கு மட்டும்."

மாமி ஒருநாள் ஏதோ கோபத்தில் சொன்ன ஒரு சொல். மருமகள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, மீற்றருக்கு ஒரு சொட்டுக்கூடக் கேட்காமல் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் மரியாதையானவர்கள் என்று சொன்னேனே. மரியாதை கூடினாலும் ஆபத்துத்தான்.

5. நீலப் பரல்

வருத்தம் தெரிந்துவிட்டது. மருந்தும் தெரியும். தொட்டியில் கொஞ்சத் தண்ணீரை இறைத்துவிட்டு, அந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை விடவேண்டும். ஒரேயடியாக அல்ல. உப்பு சடாரென்று இறங்கினால் அதுவே கொன்றுவிடும். சேலைன் ஏற்றுவதுபோலச் சொட்டுச் சொட்டாக, இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று இறக்கவேண்டும். ஆனால் இன்றே தொடங்கவேண்டும். நாளைக்கு என்று வைத்தால் நாளைக்கு அனிமோன் இல்லை.

"இனிப் போய்ச் சேரக் கடை பூட்டிப்போடுவாங்கள். விடிய யாழ்ப்பாணம் போய்ப் போத்தல் தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்," என்றார் எங்கள் சத்தம் கேட்டு ஹோலுக்கு வந்த யோகன்.

"நாளையான் தண்ணி சரி. இண்டையான் தண்ணி?" என்றேன்.

எல்லோரும் குசினி மூலையைப் பார்த்தோம். பிறகு, பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தோம். பரலில் இருந்தது இரண்டு வாளி வந்தால் பெரிது. பவுசர் எப்போது வரும் என்று தெரியாது. யோகன் தாயிடம் எதையும் கேட்கத் துணிவில்லாத மனிதர். வசந்தி கேட்கமாட்டார் என்பது தெரிந்ததுதானே. நான் வெளியாள். வெளியாள் ஒரு வீட்டின் நல்ல தண்ணீரைக் கேட்பது இந்தத் தீவுகளில் சின்ன விஷயமில்லை. அதுவும் கடலில் கிடக்கிற ஒன்றுக்கு!

பாக்கியம் அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். பலகை இழுபடும் சத்தம் கேட்டது. வாளியில் செம்பால் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. வாளியை இரண்டு கையாலும் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். யோகன் ஓடிப்போய் வாங்கினார்.

"அம்மா, உங்களுக்குச் சோத்துக்கு..."

"உப்புத் தண்ணியிலை சோறு காய்ச்சினால் உப்புப் போடத் தேவையில்லை. மிச்சம்," என்றார் பாக்கியம் அம்மா. பிறகு வசந்தியைப் பார்த்து, "ஊத்தும் பிள்ளை. அடியிலை கிடக்கிறதையும் அள்ளித் தாறன். தண்ணியைத் தாகத்துக்குத்தானே வைச்சிருக்கிறது," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. வசந்தி அப்போது மாமியின் கையைப் பிடித்தார். கதையில் வருவதுபோலக் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. வாளியின் கைப்பிடி பதிந்து சிவந்திருந்த இடத்தை விரலால் தடவிவிட்டார். அவ்வளவுதான்.

சேலைன் குழாய் இல்லை. மெல்லிய பிளாஸ்ரிக் குழாயில் முடிச்சுப் போட்டு, வாளியைச் செற்றியின், அந்தப் பழைய நீளக் கதிரையின், கைப்பிடியில் ஏற்றி வைத்து, சொட்டுச் சொட்டாக இறக்கினோம். அன்று இரவு மரியதாஸ் அண்ணை வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். மனிதர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் அண்டைக்கே சொன்னன் எல்லே!"

"நீங்கள் சொன்னது கண்ணூறு."

"ஆ, அதுவும் சொன்னனான். கடலைப் பற்றியும் சொன்னனான்," என்றார். எங்களோடு இருந்து பாக்கியம் அம்மாவின் கரிக்கிற தேத்தண்ணியை முகம் சுழிக்காமல் குடித்தார். அன்று அந்த வீட்டில் நாங்கள் ஐந்து பேர் உப்புத் தேத்தண்ணி குடித்தோம். நல்ல தண்ணீர் முழுவதையும் ஒரு கடல் பிராணி குடித்தது.

6. தான் பிடித்த இடம்

அடுத்த நாள் யோகன் யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய போத்தல்களோடு வந்தார். மீற்றர் முப்பதிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் வாய் மூடியது. அதைக் கண்ட அன்று நான் கோயிலுக்குப் போய் இரண்டாவது மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு ஈர்க்கில் விரல் ஒட்டியது. பிறகு ஒருநாள் விடியப் பார்த்தால் கால் கல்லைப் பிடித்திருந்தது. நகம் அளவு இறால் துண்டு கொடுத்தோம். துப்பவில்லை. யோகன் அன்று முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இளம் பிள்ளைகளுக்கு என் பாடம் இரண்டு. ஒன்று, மீற்றரை நம்புங்கள். ஆனால் அதற்குப் பூச்சியம் வைத்த தண்ணீர் எங்கே இருந்து வந்தது என்று கேட்டுவிட்டு நம்புங்கள். பைக்குள் ஒரு சின்னப் போத்தல் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். போகிற வீட்டுக் குழாயை, அது எவ்வளவு மினுங்கினாலும், நம்பாதீர்கள். இரண்டாவது பாடத்தை நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் நான் கடைசியாகப் போன நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

கூடையை எடுத்துப் பல நாளாகியிருந்தது. அனிமோன் நன்றாக விரிந்திருந்தது, ஆனால் வைத்த இடத்தில் இல்லை. வசந்தி அதற்கென்று தொட்டியின் நடுவில், ஹோலில் இருப்பவர்களுக்கு நேரே, அழகான கல் ஒன்றை அடுக்கி வைத்திருந்தார். அது கல்லை விட்டு இறங்கி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, தொட்டியின் பக்கவாட்டு மூலையில் போய்க் குந்தியிருந்தது. செற்றியில் இருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும். கிளவுன் சோடியும் பெட்டி படுக்கையோடு அங்கே குடிபோய்விட்டது.

"இதென்ன அக்கா, வாற சனம் என்னத்தைப் பாக்கிறது?" என்றார் யோகன். "மெல்லக் கழட்டி நடுவிலை வைச்சுவிடட்டோ?"

நான் வாய் திறக்குமுன் வசந்தி சொன்னார்.

"அதிலை கை வைக்காதேங்கோ. அது தனக்குச் சரியான இடமெண்டு தேடிப் பிடிச்சிருக்கு. நாங்கள் செற்றியைத் திருப்பிப் போடுவம்."

யோகன் செற்றியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"உது தேக்கு. அப்பா காலத்தையான். திருப்பினால் திருப்பினதுதான், பிறகு திரும்ப மாத்த என்னாலை ஏலாது."

"திரும்ப மாத்தச் சொல்லி இஞ்சை ஆர் கேட்டது?" என்றார் வசந்தி.

அந்தச் செற்றிக்கு நான்கு பேர் வேண்டும். யோகன் எங்களைக் கூப்பிடவில்லை. ஒரு முனையைத் தனியாகத் தூக்கி, "இடுப்புப் பிடிக்கப் போகுதடா!" என்று பாக்கியம் அம்மா கத்தக் கத்த, மாபிள் நிலமெல்லாம் கீறுப்பட, அதைச் சுற்றித் திருப்பிவிட்டார்.